கலைக்குப் படியளந்தவர்கள்

போன மாதம் ஒருநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். என்னோடு வேலை பார்த்து, எனக்கு ஒரு வருடம் முன்னால் ஓய்வு பெற்ற நண்பரும் கூட இருந்தார். அப்போது தெரிந்த தவில்காரர் ஒருவர் கையில் ஒரு படிவத்தோடு தேடிக்கொண்டு வந்தார். எண்பதை நெருங்கும் வயது. விரல்களில் கூடு போட்டுப் போட்டுக் காய்த்த தழும்பு இன்னும் போகவில்லை.

"ஐயா, இதைக் கொஞ்சம் பூர்த்தி பண்ணிக் கொடுக்கணும். வருஷா வருஷம் கேக்குறாங்க" என்றார்.

வாழ்வுச் சான்றுப் படிவம் அது. நலிந்த நிலையில் உள்ள கலைஞர்களுக்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் மூலம் அரசு தரும் மாத உதவித்தொகை அவருக்கு வருகிறது. 3,000 ரூபாய். முன்பு இதைவிடக் குறைவாக இருந்தது; 2021-ல் உயர்த்தினார்கள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதத் தொடங்கினேன். அவர் தண்ணீர் குடிக்கச் சற்றுத் தள்ளிப் போனதும் நண்பர் என் பக்கம் குனிந்தார்.

"நாம முப்பத்தஞ்சு வருஷம் சர்வீஸ் போட்டு பென்ஷன் வாங்குறோம் அண்ணாச்சி. இவங்க எந்த ரிஜிஸ்தர்ல கையெழுத்துப் போட்டாங்க? மேளம் அடிச்சது அவங்க பொழப்பு. அதுக்கு அரசாங்கம் எதுக்குப் படியளக்கணும்?"

நண்பர் கெட்டவர் அல்ல. கருவூலத்தில் காசு எண்ணிப் பழகிய கை, அதனால் கேட்டார். அங்கேயே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. நான் எப்போதுமே பேச்சில் மந்தம். எழுதினால்தான் கோர்வையாக வரும். ஆகவே அவருக்குச் சொல்ல நினைத்த பதிலை இங்கே எழுதுகிறேன். இதில் கொஞ்சம் சரித்திரம் இருக்கிறது. நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி, புதிதாகப் படிப்பவர்களுக்காக. எங்கள் பூர்வீகம் ராஜபாளையம். அப்பா பஞ்சாலையில் கணக்கு எழுதிப் பழகியவர். புதுச்சேரியிலும் பஞ்சாலைகள் இருந்ததால் அங்கே வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போனார். நான் படித்தது அங்கே, பிரெஞ்சு வழியில். வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, தெருவில் இரண்டும் கலந்த ஒன்று. பிறகு தமிழ்நாட்டில் அரசு வேலைக்கு வந்தபோது, தமிழ் தெரியும் என்று நிரூபிக்க நானும் துறைத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. தமிழன் தமிழுக்குப் பரீட்சை எழுதிய கதையை முன்பே எழுதியிருக்கிறேன். அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். 1985-ல் மாவட்டம் பிரிந்து எங்கள் பகுதி தனி மாவட்டமானதும் இந்தப் பக்கத்திலேயே தங்கிவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கலைக்குப் பொதுப்பணம் கொடுப்பது நேற்று முளைத்த பழக்கம் அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவனுக்கு இதைப் புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டாள் கோயில் வாசலில் நின்றால் போதும். பதினொரு நிலைக் கோபுரம், 192 அடி என்பார்கள். அதைக் கட்டிய தச்சனுக்கும் சிற்பிக்கும் யாரோ படியளந்திருக்கிறார்கள். திருமலை நாயக்கர் இந்த ஊருக்கு எவ்வளவோ செய்தார். அவர் பேரைச் சொல்லும் மகால் இன்றும் நிற்கிறது. ஆண்டாளுக்கு உச்சிகால பூஜை முடிந்த செய்தி முரசொலியாக மண்டபம் மண்டபமாகத் தாவி மதுரைக்குப் போன பிறகுதான் நாயக்கர் சாப்பிட உட்காருவார் என்று எங்கள் பாட்டி கதை சொல்வாள். கதை எவ்வளவு தூரம் நிஜமோ, மதுரைச் சாலையில் பழைய மண்டபங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த முரசு அடித்தவனுக்கும் சம்பளம் இருந்திருக்கும் அல்லவா?

அந்தக் காலத்துச் சம்பளம் பணமாக வரவில்லை, நிலமாக வந்தது. நாதசுரக்காரருக்கு இத்தனை குழி, தவிலுக்கு இத்தனை, விளக்குப் பிடிப்பவருக்கு இத்தனை என்று மானியம் விட்டிருந்தார்கள். நிலத்தைப் பயிர் செய்து சாப்பிட்டுக்கொண்டு கோயில் வேலையைப் பார்க்க வேண்டும். வித்தை அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகும். நிலமும் கூடவே போகும். அரையர் சேவை என்ற கலை ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இடங்களில் இன்றுவரை உயிரோடு இருக்கிறது என்றால், அதை ஒரு குடும்பத்தின் பொறுப்பாகக் கொடுத்து, கோயில் அந்தக் குடும்பத்தைத் தாங்கியதுதான் காரணம். கோயிலுக்கு வெளியே ஜமீன்கள் இருந்தன. இந்தப் பக்கம் சேத்தூர், சிவகிரி, கிழக்கே எட்டயபுரம். சங்கீத வித்துவானும் நாடகக்காரரும் புலவரும் அரண்மனை வாசலில் நின்று பரிசு வாங்கிப் போன காலம் அது.

பிரெஞ்சில் கலைஞரை ஆதரிக்கும் தனவந்தரை 'மெசேன்' என்பார்கள். அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் காலத்தில் ரோமில் கவிஞர்களைப் போஷித்த மைசினாஸ் என்பவரின் பெயரே அப்படி ஆகிவிட்டது. பள்ளியில் வாத்தியார் இதைச் சொன்னபோது எனக்குச் 'சடையப்ப வள்ளல்' என்று வாய் வரை வந்தது. அதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சும்மா இருந்துவிட்டேன்.

அந்த ஏற்பாட்டை நான் தூக்கிப் பிடிக்க வரவில்லை. மானியத்தில் சாதி இருந்தது. பெண்களைப் பொட்டுக்கட்டிய கொடுமை இருந்தது. ஜமீனில் ஒருவர் கையில் வீணை இருக்க, நூறு பேர் முதுகில் வரிச்சுமை இருந்தது. ஆகவே 1947-ல் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் வந்ததும், 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்ததும் நியாயம். 1951-ல் அறநிலையச் சட்டம் வந்து கோயில் நிர்வாகம் அரசின் மேற்பார்வைக்குள் வந்தது. பின்னால் 1963-ல் இனாம் ஒழிப்புச் சட்டங்களும் வந்தன. எல்லாம் வரவேண்டியவைதான்.

ஆனால் குமாஸ்தா புத்தியோடு கணக்குப் பார்த்தால் ஒன்று புலப்படும். பதினைந்து, இருபது வருடங்களுக்குள் கலைஞனுக்குப் படியளந்த ஒவ்வொரு கையும் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டது. மூடியது யார்? அரசு. நல்ல காரணத்துக்காகத்தான் மூடியது. ஆனாலும் ஒரு கணக்கை முடிக்கும்போது அதில் இருந்த பொறுப்புகளைப் புதுக் கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது எங்கள் இலாகாவில் முதல் வருடம் சொல்லிக்கொடுத்த பாடம். நண்பருக்கு என் முதல் பதில் இதுதான்: இது தர்மம் அல்ல, கொண்டுவரப்பட்ட நிலுவை.

இன்னொரு பக்கமும் உண்டு. கலைஞனிடமிருந்து அரசு வாங்கவும் செய்தது. சென்னை மாகாணத்தில் 1939-ல், ராஜாஜி பிரதமராக இருந்தபோது, கேளிக்கை வரிச் சட்டம் வந்தது. நாடகக் கொட்டகையில் டிக்கெட்டோடு வரியும் வசூலானது. அதற்கும் முன்னால் 1876-லேயே வெள்ளைக்காரன் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்திருந்தான். ஆக அரசுக்கும் மேடைக்கும் இருந்த உறவு நீண்ட காலம் வரி வசூலிப்பவரும் போலீஸ்காரரும் மட்டுமே.

நம் சிவகாசியில் 1886-ல் பிறந்த தியாகி விஸ்வநாததாஸை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். முருகன் வேஷம் கட்டிக்கொண்டே சுதந்திரப் பாட்டுப் பாடுவார். கைது செய்யப் போலீஸ் கொட்டகை வாசலில் காத்திருக்கும். பலமுறை சிறை சென்றவர், 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மேடையிலேயே, மயில் மீது அமர்ந்த முருகன் கோலத்தில், உயிரை விட்டார்.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பள்ளியில் படித்த மொலியேர் ஞாபகம் வரும். அவரும் அப்படித்தான். 1673-ல், நோயாளியாக வேஷம் போட்டு நடித்துக்கொண்டிருந்தபோதே நிஜமாக நோய் முற்றி, நாடகம் முடிந்த சில மணி நேரத்தில் வீட்டில் இறந்தார். நடிகன் என்பதால் மதகுருமார்கள் அடக்கம் செய்ய மறுத்தார்கள். பதினான்காம் லூயி மன்னர் தலையிட்ட பிறகு இரவு நேரத்தில் அடக்கம் நடந்தது. ஆனால் அந்த மன்னர்தான் உயிரோடிருந்த மொலியேருக்கு மானியம் கொடுத்தார். அவர் இறந்த பிறகு 1680-ல் பாரிசில் அரசு நாடகக் குழுவை நிறுவினார். அது இன்றும் நாடகம் போடுகிறது. விஸ்வநாததாஸுக்கு அப்படி ஒரு குழு இல்லை. அவருக்கு அரசு கொடுத்தது வாரண்ட்தான். பிற்பாடு சுதந்திர அரசு திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் வைத்தது.

சுதந்திரம் வந்ததும் இந்த உறவு மாறத் தொடங்கியது. அந்த மாற்றத்தில் ராஜபாளையத்துக்கு ஒரு பங்கு உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு ராஜபாளையம் என்றால் நாயும் பஞ்சாலையும்தான் தெரியும். ஓர் முதலமைச்சரைக் கொடுத்த ஊர் என்பது பலருக்குத் தெரியாது. பூ.ச. குமாரசாமி ராஜா 1949 ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார்; குடியரசானதும் அதே பதவி முதலமைச்சர் என்று ஆனது. 1952 ஏப்ரல் வரை இருந்தார். அவர் பதவிக்கு வந்த அந்த 1949-ல்தான் சென்னையில் அரசின் கர்நாடக சங்கீதக் கல்லூரி தொடங்கியது. முசிறி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல்வராக அமர்ந்தார். குருவின் வீட்டில் தண்ணீர் இறைத்துக் கற்ற வித்தையை, கட்டணம் கட்டி, வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதிக் கற்கலாம் என்று ஆனது. அதைக் குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் எந்தக் குடும்பத்தில் பிறந்தவரும் போய்ச் சேரலாம் என்ற கதவு அப்போது திறந்தது.

நம் மாநில முத்திரையும் அந்த 1949-ஐ ஒட்டி வந்ததுதான். மதுரை ஓவியர் கிருஷ்ணா ராவ் வரைந்தார். அதில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று அரசு சொல்கிறது. மதுரை மேற்குக் கோபுரத்தைப் பார்த்து வரைந்தது என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். நான் முப்பது வருடத்துக்கு மேல் அந்த முத்திரை போட்ட காகிதத்தில் எழுதியவன். எந்தக் கோபுரம் என்ற சண்டைக்குள் போக மாட்டேன். கலைஞன் கட்டிய ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டுதான் இந்த அரசு கடிதமே எழுதுகிறது என்பது மட்டும் எனக்குப் போதும்.

குமாரசாமி ராஜா 1952 தேர்தலில் தோற்றுப் போனார். பிறகு ஒரிசாவில் ஆளுநராக இருந்தார். 1957-ல் காலமானார். ராஜபாளையத்தில் தாம் வாழ்ந்த வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். முதலமைச்சராக இருந்தவர் கலைக்காகத் தன் வீட்டைக் கொடுத்தார் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சேதி. தெரிந்ததாலேயே யாரும் பேசுவதில்லை.

டெல்லியிலும் அதே சமயத்தில் வேலை நடந்தது. 1953 ஜனவரியில் சங்கீத நாடக அகாடமி தொடங்கியது. அதற்கு முதல் தலைவர் நம் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பி.வி. ராஜமன்னார். 1954-ல் சாகித்ய அகாடமியும் லலித் கலா அகாடமியும் வந்தன. மாநிலங்களிலும் இப்படி ஒன்று வேண்டும் என்ற அடிப்படையில் 1955-ல் சென்னை மாநில சங்கீத நாடக சங்கம் பிறந்தது. அதுதான் 1973-ல் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் என்று பெயர் மாறியது. கலைமாமணி விருது தருகிற மன்றம் என்றால் எல்லோருக்கும் புரியும்.

ஒவ்வொரு நாடும் இதை ஒவ்வொரு விதமாகச் செய்தது. இங்கிலாந்தில் 1946-ல், பொருளாதார மேதை கெய்ன்ஸ் முன்னின்று வகுத்தபடி, கலைக் கவுன்சில் அமைத்தார்கள். பணம் அரசு கொடுக்கும். யாருக்கு என்று கவுன்சில் முடிவு செய்யும். மந்திரி மூக்கை நுழைக்கக் கூடாது. பிரான்சில் வேறு மாதிரி. 1959-ல் கலாசாரத்துக்கென்றே ஓர் அமைச்சகம் வைத்து, எழுத்தாளர் ஆந்த்ரே மல்ரோவை மந்திரியாக்கினார் ஜெனரல் தெகோல். பாரிசுக்கு மட்டுமே எல்லாம் என்று இருக்கக் கூடாது, சிறிய ஊர்களிலும் நாடகம், ஓவியம், இசை எல்லாம் ஒரே கூரையின்கீழ் கிடைக்க வேண்டும் என்று 'கலாசார இல்லங்கள்' கட்டினார். முதல் இல்லம் 1961-ல் லெ ஆவ்ர் துறைமுக ஊரில் திறந்தது. எங்கள் வாத்தியார் இதையெல்லாம் பெருமையோடு வகுப்பில் சொல்லுவார். 1963-ல் மோனாலிசா ஓவியம் கப்பலேறி அமெரிக்கா போய் வந்ததை அவர் தன் வீட்டுப் பெண் புக்ககம் போய் வந்ததைப் போலச் சொன்னார்.

நம் ஏற்பாடு இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றது. மன்றம் தனி அமைப்பு. ஆனால் பணமும் நியமனமும் அரசு கையில். ஆட்சி மாறினால் மன்றமும் மாறும். விருதுப் பட்டியல் வரும்போதெல்லாம் ஏன் சினிமாக்காரர்கள் இத்தனை பேர், கிராமத்துக் கலைஞர்கள் இவ்வளவுதானா என்று டீக்கடையில் பேச்சு எழும். சில வருடங்கள் விருதுகள் சேர்ந்துபோய் மொத்தமாக வழங்கப்பட்டதும் உண்டு.

இருந்தாலும் எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1986-ல் தஞ்சாவூரில் தென்னகப் பண்பாட்டு மையம் வந்தது. 1991-ல் மாநிலத்தில் கலை பண்பாட்டுத் துறை தனித் துறையானது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் மொத்தம் பதினேழு, விருதுநகரிலும் ஒன்று. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றை மூன்று வருடம் சொல்லித் தருகிறார்கள். 2002-03 முதல் மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் கலை மன்றம் அமைத்து, வயதுவாரியாகக் கலை இளமணி, வளர்மணி, சுடர்மணி, நன்மணி, முதுமணி என்று விருது கொடுக்கத் தொடங்கினார்கள். 2007-ல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் வந்தது. கரகம் எடுப்பவரும் தேவராட்டம் ஆடுபவரும் அட்டை வாங்கி, பிள்ளை படிப்புக்கும் கல்யாணத்துக்கும் உதவி கேட்க ஓர் இடம் கிடைத்தது. அதே 2007 பொங்கலுக்குச் சென்னை சங்கமம் நடந்தது. இடையில் நின்று, 2023-ல் நம்ம ஊரு திருவிழா என்ற பெயரோடு மறுபடி வந்தது.

இவ்வளவும் காகிதத்தில் அழகாக இருக்கிறது. காகிதத்துக்கும் கலைஞனுக்கும் நடுவில் ஒரு மேஜை இருக்கும். அந்த மேஜைக்குப் பின்னால் என்னைப் போல ஒருவன் இருப்பான். இனி என் கதை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் அப்போது இருந்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அதன் மீது பழி இல்லை. நலிந்த கலைஞர் உதவித்தொகை கேட்டு ஒருவர் மனுவோடு வந்தார். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் கட்டியவர். எழுபது தாண்டியிருக்கும். பல் இல்லை, ஆனால் பேசினால் கடைசி பெஞ்ச் வரை கேட்கும் குரல். மனுவை வாங்கிப் பார்த்தேன். வயதுச் சான்று இல்லை.

"பள்ளிக்கூடம் போகலையா?"

"கொட்டகைதான் சாமி பள்ளிக்கூடம். எட்டு வயசுல பாய்ஸ் கம்பெனி."

வயதுச் சான்று இல்லாமல் அனுப்ப முடியாது என்று திருப்பிக் கொடுத்தேன். டாக்டரிடம் சான்று வாங்கிக்கொண்டு மறுபடி வந்தார். வருமானச் சான்று பழையது என்று திருப்பினேன். அதையும் புதிதாக வாங்கி வந்தார். மூன்றாவது முறை, கலைஞர் என்பதற்கு ஆதாரம் கேட்டேன். சட்டப்படி கேட்க வேண்டியதுதான். அவர் மஞ்சள் பையிலிருந்து ஒரு கட்டு நாடக நோட்டீஸ்களை எடுத்து மேஜையில் பரப்பினார். ரோஸ் காகிதம், பச்சைக் காகிதம், மஞ்சள் காகிதம். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன். மடிப்பு விழுந்த இடத்தில் கிழிந்து, மழையில் நனைந்து மை கசிந்திருந்தது. எல்லாவற்றிலும் அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அசல் வேண்டாம். நகல் எடுத்து, சான்றொப்பம் வாங்கிக் கொண்டு வாங்க."

அவர் கோபப்படவில்லை. அந்த நோட்டீஸ்களைத் தேதி வாரியாக அடுக்கிப் பையில் வைத்தார். பேச்சு வாக்கில் நான் புதுச்சேரியில் படித்தவன் என்று அறிந்ததும் முகம் மலர்ந்தது. "சுவாமிகள் சமாதி இருக்கிற ஊர்ல படிச்சீங்களா?" என்று கேட்டார். நாடக ஆசான் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் புதுச்சேரியில்தான் காலமானார்; சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. வருடந்தோறும் நாடகக்காரர்கள் வந்து குருபூஜை செய்வார்கள். நான் அந்தப் பக்கம் எத்தனையோ தடவை சைக்கிளில் போயிருக்கிறேன். ஒருநாளும் உள்ளே போனதில்லை. மொலியேர் எந்த வருடம் இறந்தார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பக்கத்துத் தெருவில் யார் உறங்குகிறார் என்று தெரியாது. "இல்லை, போனதில்லை" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நகலோடு அவர் திரும்பி வரவில்லை. நாலைந்து மாதம் கழித்து அவர் மகன் வந்தான், மில்லில் வேலை பார்ப்பவன். "அப்பா தவறிட்டாங்க சார். இந்த மனு இன்னும் உங்ககிட்ட இருந்தா, அதுல ஒட்டின போட்டோவைக் குடுங்க. வீட்டுல வேற போட்டோ இல்ல" என்றான். படத்துக்கு மாலை போட வேண்டும் என்றான். கோந்து போட்டு ஒட்டியிருந்த பாஸ்போர்ட் அளவுப் படத்தை ஈரத்துணி வைத்துப் பிரித்துக் கொடுத்தேன். ஓரம் கொஞ்சம் கிழிந்துவிட்டது.

நான் விதியை மீறவில்லை. யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆனால் சான்றொப்பம் போடக்கூடிய அதிகாரி அடுத்த அறையிலேயே இருந்தார். எழுந்து பத்தடி நடந்திருந்தால் முடிந்திருக்கும். அந்தப் பத்தடியை நான் நடக்கவில்லை.

கலைக்கு அரசு நிதி ஒதுக்குவது பற்றிப் பெரியவர்கள் பேசும்போது தொகை போதுமா, விருது யாருக்கு என்றுதான் பேசுகிறார்கள். அதுவும் வேண்டியதுதான். என் அனுபவத்தில் அதற்குச் சமமான இரண்டு சங்கதிகள் உண்டு.

ஒன்று, தேடிப் போக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத கலைஞன் மனுப் போட்டு, மூன்று சான்று இணைத்துத்தான் தன்னைக் கலைஞன் என்று நிரூபிக்க வேண்டும் என்றால், மனு எழுதத் தெரிந்தவனுக்குத்தான் உதவி போகும். ஊரில் யார் நல்ல தவில், யார் நல்ல ராஜபார்ட் என்று ஊருக்கே தெரியும். அதை எழுதி வைக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். கணக்கெடுக்கத் தெரியாத அரசு அல்ல இது. ஆடு மாடு, கிணறு, பனைமரம் வரைக்கும் எண்ணியிருக்கிறோம்.

இரண்டு, வலது கை கொடுப்பதை இடது கை எடுக்கக் கூடாது. 2006-ல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்குக் கொடுத்தது அரசு. சினிமாவுக்கு அவ்வளவு தாராளம். அதே அரசில், கோயில் கொடையில் ஆடல் பாடல் நடத்த அனுமதி கேட்டு ஊர்க்காரர்கள் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்கு மனுப் போடுவதைச் செய்தித்தாளில் படிக்கிறோம். ஆபாசத்தைத் தடுக்கத்தான் என்கிறார்கள், சரி. ஆனால் ஆடிக்கும் பங்குனிக்கும் வரும் நாலு மாத வருமானத்தை நம்பி இருப்பவன், அனுமதி வருமா வராதா என்று கடைசி நாள் வரை காத்திருந்தால் எங்கே போவான்? சில கோயில்களில் மோட்டார் வைத்த மேளம் வேறு வந்துவிட்டது. ஸ்விட்சைப் போட்டால் மணியும் முரசும் தானாக அடிக்கிறது. அதற்குப் பென்ஷன் வேண்டாம். வாழ்வுச் சான்றும் வேண்டாம். இந்த நிலையில் மாதம் 3,000 கொடுப்பதைவிட, மாதம் இரண்டு முறை கௌரவமாக வாசிக்க ஓர் இடம் கொடுத்தால் அந்தத் தவில்காரர் அதைத்தான் எடுத்துக்கொள்வார். நான் கேட்டிருக்கிறேன். இசைப்பள்ளியில் தவில் படித்து வெளியே வரும் பையனுக்கும் அதுதான் வேண்டும்.

மல்ரோ கட்டியதைப் போலப் பெரிய கட்டடங்கள் நமக்கு வேண்டியதில்லை. மண்டபங்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பிராகாரம், ராஜபாளையத்தில் ஒரு முதலமைச்சர் கொடுத்துவிட்டுப் போன வீடு. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் இரண்டும் இருக்கின்றன. பாய் விரித்து, விளக்குப் போட்டு, ஆளைக் கூப்பிட வேண்டும்.

டீக்கடைக்குத் திரும்புகிறேன். இதையெல்லாம் நான் அன்று நண்பரிடம் சொல்லவில்லை. ராஜபார்ட்காரரின் போட்டோ கதையை மட்டும் சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். தவில்காரர் திரும்பி வந்தார். படிவத்தைப் பூர்த்தி செய்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினேன். வங்கிப் புத்தகத்தின் நகலும் ஆதார் நகலும் இணைக்க வேண்டும் என்று கீழே அச்சடித்திருந்தது.

நண்பர் எழுந்தார். "குடுங்க இங்க. ஜெராக்ஸ் கடை எதிர்லதான இருக்கு. நீங்க உக்காருங்க மேளக்காரரே, நான் எடுத்துட்டு வர்றேன்" என்று வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்தார்.

படிப்பவர்களில் யாராவது இந்தப் பக்கத்து வயதான கலைஞர் எவரையாவது அறிந்திருந்தால், அடுத்த முறை பார்க்கும்போது படிவம் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். கண் தெரியவில்லை, எழுத முடியவில்லை என்றால் தேரடிக் கடைக்கு அனுப்புங்கள். காலை ஏழு முதல் எட்டு வரை இருப்பேன். பேனா என்னிடம் இருக்கிறது.